பிக் ஸ்டார்: ஒலிக்காமல் போன நான்கு இசைத்தட்டுகள்

1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலிருந்து 'செப்டம்பர் கேர்ல்ஸ்' என்ற பாடல் ஒரு சிறிய இசைத்தட்டாக வெளிவந்தது. மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாடல். கேட்ட விமர்சகர்கள் வியந்தார்கள். ஆனால் கேட்டவர்களே மிகச் சிலர். எந்த விற்பனைப் பட்டியலிலும் அது ஏறவில்லை. அந்தப் பாடலைப் படைத்த பிக் ஸ்டார் இசைக்குழு சில மாதங்களில் இல்லாமல் போயிற்று. 1986இல் பேங்கிள்ஸ் என்ற பெண்கள் குழு அதே பாடலைத் தம் 'டிஃப்ரண்ட் லைட்' ஆல்பத்தில் பாடியபோதுதான் பெருந்திரளான மக்கள் அதைக் கேட்டார்கள். அவர்களில் பலருக்கு அது வேறொருவரின் பாடல் என்பதே தெரிந்திருக்காது.

2003இல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் பிக் ஸ்டாரின் மூன்று ஆல்பங்களும் இடம்பெற்றன. எழுபதுகளில் அவர்கள் வெளியிட்டு முடித்தவை இரண்டு ஆல்பங்களும் நான்கு தனிப்பாடல் தட்டுகளும்தான். மூன்றாவது ஆல்பம் குழு கலைந்தபின் வந்தது. இவ்வளவு சிறிய கையிருப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பெயர் எப்படி வந்தது?

ரசிகர்கள் சொல்லும் விடை எளிமையானது. மேதைகள் சிலர் இருந்தார்கள். வணிகம் அவர்களைக் கொன்றது. காலம் நீதி வழங்கியது. கேட்க இனிமையான கதை. ஆனால் அது பாதிக் கதைதான் என்பது என் எண்ணம். மீதிப் பாதியை அறிய அந்த நான்கு தட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுழலவிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

*

அறுபதுகளின் மெம்ஃபிஸ் கறுப்பின மக்களின் சோல் இசைக்குப் பெயர்பெற்ற நகரம். ஸ்டாக்ஸ் நிறுவனம் அங்கேதான் இருந்தது. அதே நகரில் ஜான் ஃப்ரை என்பவர் ஆர்டெண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திவந்தார். ஸ்டாக்ஸின் பதிவுகள் பலவும் அங்கே நடந்தன. இரவில் கூடம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் உள்ளூர் இளைஞர்கள் சிலர் அங்கேயே பதிவுக்கலையைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ் பெல். பீட்டில்ஸ் மீது தீராத பற்று கொண்டவர். ஆண்டி ஹம்மல் பாஸ் கிடார் வாசித்தார். ஜோடி ஸ்டீஃபன்ஸ் டிரம்ஸ் வாசித்தார்.

1971இல் அவர்களோடு சேர்ந்த அலெக்ஸ் சில்டனின் கதை வேறு. 1967இல் பாக்ஸ் டாப்ஸ் குழுவின் பாடகராக அவர் பாடிய 'தி லெட்டர்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 16. என்ன பாடுவது, எப்படிப் பாடுவது என்பதையெல்லாம் பிறர் முடிவுசெய்த புகழ் அது. அதன் கசப்பையும் அறிந்துகொண்டுதான் அவர் ஊர் திரும்பியிருந்தார். புகழுக்காக ஏங்கிய ஒருவரும் புகழை உண்டு சலித்த ஒருவரும் இப்படிச் சந்தித்தார்கள். பிக் ஸ்டாரின் பாடல்களில் உள்ள இனிமையும் அதற்கு அடியில் ஓடும் அவநம்பிக்கையும் இந்தச் சந்திப்பிலிருந்து வந்தவை என்றே தோன்றுகிறது.

கூடத்துக்கு அருகில் இருந்த மளிகைப் பேரங்காடி ஒன்றின் பெயரைக் குழுவுக்கு வைத்தார்கள். பெரிய நட்சத்திரம் என்று பொருள். முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்று பெயரிட்டார்கள். கேலியா, ஆசையா என்று பிரித்தறிய முடியாத பெயர்கள்.

*

அந்நாளைய ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தனிப்பாடல் தட்டு என்பது நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய தட்டு. பக்கத்துக்கு ஒரு பாடல். முதல் பக்கம் வானொலிக்கானது. வானொலியில் பாடல் ஒலிக்கும் வாரத்தில் தட்டு கடையில் இருந்தாக வேண்டும். கேட்டவர் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த வாரம் வேறொரு பாடலை வாங்கிவிடுவார். பாடலுக்கும் கேட்பவருக்கும் நடுவே நிற்கும் விநியோகஸ்தர்தான் உண்மையில் அதன் விதியை எழுதுபவர்.

1972இல் 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' வெளிவந்தபோது, எந்தப் பாடலையும் தனித்தட்டாக வெளியிடலாம் என்ற பொருளில் பில்போர்ட் இதழ் பாராட்டியது. விநியோகப் பொறுப்பு ஸ்டாக்ஸிடம் இருந்தது. சோல் இசைத்தட்டுகளைக் கொண்டுசேர்க்கும் வழிகளை நன்கு அறிந்த நிறுவனம் அது. வெள்ளை இளைஞர்களின் ராக் இசையை எந்தக் கடையில் வைப்பது என்பதில் தடுமாறியது. பின்னர் ஸ்டாக்ஸ் கொலம்பியா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. கொலம்பியாவோ சிறு விநியோகஸ்தர்களை விலக்கியது. கடைகளில் இருந்த சில பிரதிகளும் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆல்பம் அப்போது 10,000 பிரதிகள்கூட விற்கவில்லை.

முதல் தட்டு 'வென் மை பேபிஸ் பிசைட் மீ'. துள்ளலான கிடார், எளிய காதல், உடனே மனதில் ஒட்டும் மெட்டு. குறைசொல்ல ஒன்றுமில்லை; நினைவில் தங்க ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். அதன் மறுபக்கத்தில் இருந்தது 'இன் த ஸ்ட்ரீட்'. செய்வதற்கு ஏதுமின்றித் தெருவில் காரில் சுற்றும் பதின்வயதினரின் பாடல். சலிப்பையே ஒரு களிப்பாக மாற்றும் வித்தை அதில் இருக்கிறது. 1998இல் தொடங்கிய 'தட் செவன்டீஸ் ஷோ' தொலைக்காட்சித் தொடருக்கு அதுவே முகப்புப் பாடலானது, வேறொருவர் குரலில். ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் தமக்குக் கிடைப்பது 70 டாலர் என்று சில்டன் ஒரு பேட்டியில் நகைத்தார். முகப்பில் வைக்க வேண்டியதை மறுபக்கத்தில் வைத்ததற்கு விநியோகஸ்தரைக் குறைசொல்ல முடியாது.

இரண்டாவது தட்டு 'டோன்ட் லை டு மீ'. இரைச்சலும் ஆவேசமும் மிகுந்த பாடல். நான்கில் வலுக்குறைந்தது இதுவே. இதே ஆல்பத்தில் 'தர்ட்டீன்' இருந்தது. இரண்டு கிடார்களும் தணிந்த குரல்களும் மட்டும் கொண்ட, பள்ளிப்பருவக் காதலின் தயக்கத்தைப் பேசும் பாடல். பதின்வயதைப் பற்றிய பாடல்கள் பெரும்பாலும் முதியவரின் ஏக்கத்தோடு எழுதப்படுபவை. இதில் அந்த முதுமை இல்லை. பையன் கேள்வி கேட்கிறான், பதில் வருமுன் பாடல் முடிந்துவிடுகிறது. இன்று பிக் ஸ்டார் என்றதும் பலர் முதலில் நினைப்பது இதைத்தான். அந்நாளில் இது தனித்தட்டாக வரவே இல்லை.

*

1972இன் இறுதியில் கிறிஸ் பெல் விலகினார். ஆல்பத்தின் ஒலியைச் செதுக்கியதில் பெரும்பங்கு அவருடையது. பாராட்டுகளில் ஏற்கெனவே அறியப்பட்ட சில்டனின் பெயரே முன்னால் நின்றது. தோல்வியும் மனச்சோர்வும் சேர்ந்து அவரை வாட்டின.

மற்ற மூவரும் கலைந்துவிடும் நிலையில்தான் இருந்தார்கள். 1973 மே மாதம் ராக் இசை எழுத்தாளர்களுக்கென்று மெம்ஃபிஸில் ஒரு மாநாடு கூட்டப்பட்டது. லெஸ்டர் பேங்ஸ் போன்ற அந்நாளைய பெயர்பெற்ற விமர்சகர்கள் வந்திருந்தார்கள். அங்கே மூவரும் வாசித்தார்கள், எழுத்தாளர்கள் கொண்டாடினார்கள். அந்த ஊக்கத்தில் 'ரேடியோ சிட்டி' உருவாகி 1974இன் தொடக்கத்தில் வெளிவந்தது. சிவப்புக் கூரையும் ஒற்றை மின்விளக்கும் கொண்ட அதன் அட்டைப்படம் வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்தது. பின்னாளில் வண்ணப் புகைப்படக்கலையின் வரலாற்றில் நிலைத்த படம். குழு முதலில் பிடித்த கூட்டமே விமர்சகர் கூட்டம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். பொதுமக்கள் கேட்பதற்கு முன்பே எழுத்தாளர்களின் சொத்தாகிவிட்ட இசை அது.

மூன்றாவது தட்டாக அதிலிருந்து 'ஓ மை சோல்' தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆல்பத்தில் ஐந்து நிமிடங்களைத் தாண்டும் பாடல். உடைந்து உடைந்து பாயும் கிடாரும் விழுந்து எழும் தாளமுமாக, எந்த இடத்தில் சேர்ந்து பாடுவது என்று கேட்பவரைத் திகைக்கவைப்பது. வானொலிக்காக அதை ஏறத்தாழப் பாதியாகக் கத்தரித்தார்கள். அற்புதமான பதிவு, பொருந்தாத தேர்வு. விலகிப்போன பெல்லின் பங்களிப்பும் இதில் உண்டு. அட்டையில் அவர் பெயர் இல்லை.

நான்காவதுதான் 'செப்டம்பர் கேர்ல்ஸ்'. இதைப் பற்றி ரசிகர்கள் சொல்வதில் மிகை ஏதுமில்லை. மணியோசைபோல் ஒலிக்கும் கிடாரில் தொடங்கி, ஒரு நொடியும் வீணாகாமல், மகிழ்ச்சியான மெட்டில் ஒரு பிரிவைச் சொல்லி முடிகிறது. வானொலிக்காகவே பிறந்த பாடல் என்று ஒன்றைச் சொல்வதானால் இதைச் சொல்லலாம். ஆனால் இம்முறையும் கொலம்பியாவுக்கும் ஸ்டாக்ஸுக்கும் இடையிலான பூசலில் தட்டுகள் கடைக்குப் போகவில்லை. 'ரேடியோ சிட்டி' சுமார் 20,000 பிரதிகளோடு நின்றது. ஹம்மல் கல்லூரிக்குத் திரும்பினார். 1975இன் இறுதியில் ஸ்டாக்ஸே திவாலானது.

அன்றைய ரசனை இந்த இசைக்கு எதிராக இருந்தது என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அது சரியன்று. ராஸ்பெரிஸ் குழுவின் 'கோ ஆல் த வே' ஏறத்தாழ இதே பாணியில் அமைந்த பாடல். 1972இல் அமெரிக்காவின் முதல் ஐந்து பாடல்களில் ஒன்றாயிற்று. பேட்ஃபிங்கரும் அதே காலத்தில் வெற்றி கண்டது. ஆகவே கதவு திறந்துதான் இருந்தது. என் கணக்கில், நான்கு தட்டுகளில் ஒன்று முழுமையாக அநீதிக்கு உள்ளானது. மற்றொன்றின் தவறான பக்கம் முன்வைக்கப்பட்டது. மீதி இரண்டும் நல்ல விநியோகம் இருந்தாலும் பெரிதாக ஓடியிருக்காது. தோல்வியடைந்தது என்பதாலேயே ஒரு பாடல் சிறந்ததாகிவிடாது. இதை ஒப்புக்கொள்வதால் பிக் ஸ்டாரின் பெருமை குறைந்துவிடாது என்பதும் உண்மை.

*

1974இல் சில்டனும் ஸ்டீஃபன்ஸும் தயாரிப்பாளர் ஜிம் டிக்கின்சனோடு பதிவுசெய்த பாடல்கள் யாரும் வெளியிட விரும்பாமல் கிடந்தன. இவற்றில் வானொலியை நோக்கிய கண் இல்லை. 'ஹோலோகாஸ்ட்', 'கங்காரு' போன்றவை தனக்குள் சரிந்துகொண்டிருக்கும் ஒரு மனத்தின் ஒலி. அந்தத் தொகுப்புக்குத் திட்டமான பெயரும் இல்லை, பாடல்களின் வரிசையும் இல்லை. 'தேர்ட்' என்றும் 'சிஸ்டர் லவர்ஸ்' என்றும் அழைக்கப்பட்டது. 1978இல்தான் வெளிவந்தது.

அதே 1978இல் முதல் இரண்டு ஆல்பங்களும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு பிரிட்டனில் வெளியாயின. அதே ஆண்டில்தான் கிறிஸ் பெல்லின் 'ஐ ஆம் த காஸ்மோஸ்' ஒரு தனித்தட்டாக வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பே பதிவுசெய்துவிட்டு வெளியிட ஆளின்றி அவர் வைத்திருந்த பாடல். இசைக்கலைஞர் கிறிஸ் ஸ்டேமி தம் சிறிய நிறுவனத்தின் மூலம் அதை வெளியிட்டார். பெல் அப்போது குடும்பத்தின் உணவக வணிகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று கார் விபத்தில் இறந்தார். வயது 27. தம் பெயரில் அவர் வாழ்நாளில் கண்டது அந்த ஒரே தட்டு. தனி ஆல்பம் 1992இல் வந்தது. பிக் ஸ்டாரின் மறுவாழ்வு தொடங்கிய ஆண்டும் அதை அதிகம் விரும்பிய மனிதர் மறைந்த ஆண்டும் ஒன்றே.

அதன்பின் நடந்தது மெல்ல மெல்லப் பரவிய ஒரு கைமாற்றம். பழைய கடைகளில் தேடி வாங்கி, கேசட்டில் பதிந்து, நண்பருக்குக் கொடுத்து. ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக் போன்றவர்கள் இதைப் பற்றிப் பேசினார்கள். 1984இல் திஸ் மார்டல் காயில் 'ஹோலோகாஸ்ட்', 'கங்காரு' இரண்டையும் பாடியது. 1987இல் ரீப்ளேஸ்மெண்ட்ஸ் குழு 'அலெக்ஸ் சில்டன்' என்றே ஒரு பாடல் எழுதியது. அந்தப் பெயருக்கு உரியவர் எண்பதுகளின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவியவர். பிக் ஸ்டாரை ரசிகர்கள் அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள் என்பதே அவர் எண்ணமாக இருந்தது. ஆயினும் 1993இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலி அழைத்தபோது, ஸ்டீஃபன்ஸுடனும் போசீஸ் குழுவின் இருவருடனும் அவர் மேடையேறினார். எந்த வானொலிக்காக எழுதினார்களோ அது கேட்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து மாணவர்களின் சிறு வானொலி கேட்டது.

இங்கேதான் மீதிப் பாதிக் கதை இருப்பதாக நினைக்கிறேன். கூட்டத்துக்காக எழுதப்பட்ட பாடல்கள் தனியறைகளில் கேட்கப்பட்டன. காரில் போகும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் முணுமுணுக்க வேண்டியதை, ஒருவர் ஹெட்ஃபோனில், இது எனக்கு மட்டும் தெரிந்தது என்ற எண்ணத்தோடு கேட்டார். அந்த அந்தரங்கம் பாடலுக்குள் எழுதியவர்கள் வைத்ததல்ல, கேட்டவர்கள் சேர்த்தது. 'தர்ட்டீன்' அதனால் வளர்ந்தது. 'வென் மை பேபிஸ் பிசைட் மீ'க்கு அது உதவவில்லை, அதற்குக் கூட்டம் தேவையாக இருந்தது. ரசிகர்களாகிய நாம் நீதி வழங்கியதாகப் பெருமைப்படுகிறோம். உண்மையில் நமக்கு வேறொரு பொருளைச் செய்துகொண்டோம். பெல் கேட்டது இதை அல்ல.

2010 மார்ச் 17 அன்று சில்டன் காலமானார். சில நாட்களில் ஆஸ்டினில் பிக் ஸ்டாரின் கச்சேரி நடக்கவிருந்தது. அது அஞ்சலிக் கூட்டமாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் ஹம்மலும் மறைந்தார். முதல் நால்வரில் எஞ்சியவர் ஸ்டீஃபன்ஸ் மட்டுமே.

புதிதாகக் கேட்க விரும்புபவருக்கு நான் ஆல்பங்களைச் சொல்வதில்லை. 1978இல் வந்த பெல்லின் அந்தத் தட்டையே சொல்வேன், அதிலும் மறுபக்கத்தை. 'யூ அண்ட் யுவர் சிஸ்டர்' என்ற மெல்லிய காதல் பாடல். பெல் பாடுகிறார், பின்குரலில் சில்டன் இணைகிறார். பெல் குழுவிலிருந்து விலகியபின் இருவரும் ஒரே பாடலில். சில நிமிடங்கள்தான். அதைக் கேட்டுவிட்டு 'செப்டம்பர் கேர்ல்ஸ்' கேளுங்கள். முடிந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, தெருவுக்கும் கேட்கும்படி.