பாட்டுக்குப் பாட்டு பாடும் எலி: மனிதரின் பேச்சைப் பற்றி என்ன சொல்கிறது?

நண்பர் பேசி முடிப்பதற்குள் நீங்கள் குறுக்கே பேசியது உண்டா?

மத்திய அமெரிக்காவில் வாழும் ஒரு குட்டி எலி, இந்த விஷயத்தில் ரொம்பவே கவனமாக இருக்கிறது!

யார் இந்த எலி?

பெயர் ஆல்ஸ்டன் பாடும் எலி. தென் மெக்சிகோவிலிருந்து பனாமா வரை, மேகம் தவழும் மலைக்காடுகளில் வாழ்கிறது. எடை சுமார் 12 கிராம். அதாவது 3 தேக்கரண்டிச் சீனி அளவுதான். பூச்சிகளே அதன் முக்கிய உணவு.

நிஜமாவே பாடுமா?

பாடும். பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, தலையை உயர்த்தி, வாயைத் திறந்து பாடும். ஒரு பாட்டு பல வினாடி நீடிக்கும். அதில் ஏறக்குறைய 100 ஒலித்துணுக்குகள்கூட இருக்கலாம். நம் காதுக்கு அது பூச்சியின் ரீங்காரம் போலக் கேட்கும்.

பெண் எலிகளும் பாடும். ஆனால் ஆண் எலிகளே அதிகம் பாடுகின்றன. துணையை ஈர்க்கவும் போட்டியாளரை விரட்டவும் பாட்டு உதவுகிறது.

இதில் என்ன ஆச்சரியம்?

ஓர் ஆண் எலி பாடும்போது மற்றோர் ஆண் எலி காத்திருக்கும். முதல் பாட்டு முடிந்ததும், ஒரு வினாடிகூட ஆகுமுன் பதில் பாட்டைத் தொடங்கிவிடும். மனிதர்கள் உரையாடும்போதும் அப்படித்தான். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க, சராசரியாக 0.2 வினாடிதான் ஆகிறது.

மூளையில் என்ன நடக்கிறது?

நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு விடையை வெளியிட்டனர். எலியின் மூளைப் புறணியில் ஒரு சிறு பகுதியை அவர்கள் லேசாகக் குளிர்வித்தனர். பாட்டு மெதுவானது. பிறகு மருந்து கொடுத்து அதே பகுதியின் செயல்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தினர். எலியால் தனியாகப் பாட முடிந்தது. ஆனால், இன்னோர் எலிக்குப் பதில் பாட்டுப் பாட முடியவில்லை!

ஆக, குரல் எழுப்புவது வேறு, அடுத்தவருக்கு ஏற்பச் சரியான நேரத்தில் பதில் தருவது வேறு.

சரி, இதுல நமக்கென்ன?

பக்கவாதம் வந்த சிலருக்கும் ஆட்டிசம் உள்ள சிலருக்கும் உரையாடல் சிரமமாக இருக்கிறது. பேசத் தெரிந்தும், பதில் சொல்லும் தருணம் நழுவிப்போகலாம். எலியின் பாட்டும் மனிதரின் பேச்சும் ஒன்றல்ல. இருந்தாலும், அந்தச் சிரமத்தைப் புரிந்துகொள்ள இந்த எலி உதவும் என ஆய்வாளர்கள் நம்புகின்றனர்.

அடுத்த முறை யாராவது பதில் சொல்லத் தாமதித்தால், கொஞ்சம் பொறுங்கள். அவர்களுடைய மூளை பெரிய வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கலாம்.