வளரிளம் பருவக் கருத்தரிப்பு: இந்தியாவில் குடும்பமும் சமூகமும்

இருபது வயது நிறையும் முன் பெண் கருவுறுவது வளரிளம் பருவக் கருத்தரிப்பு எனப்படும். இந்தியாவில் இது பெரும்பாலும் தாலி ஏறிய பிறகே நிகழ்கிறது. ஆகவே காரணத்தைப் பெண்ணின் நடத்தையில் தேடுவதைவிட வீட்டாரின் முடிவில் தேடுவதே சரி.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15–19 வயதுப் பெண்களில் 6.8 விழுக்காட்டினர் தாயாகியிருந்தனர் அல்லது கருவுற்றிருந்தனர். திரிபுராவில் இது 21.9, மேற்கு வங்கத்தில் 16.4, கேரளத்தில் 2.4. தமிழ்நாட்டில் முந்தைய ஆய்வில் 5 விழுக்காடாக இருந்தது 6.3 ஆனது. பள்ளிக்கே போகாத பெண்களிடம் இவ்விகிதம், பன்னிரண்டு ஆண்டு படித்தவர்களிடம் உள்ளதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல்.

படிப்பு நின்றதும் வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருப்பது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வது என்ற அச்சம், வயது ஏறினால் வரதட்சணையும் ஏறும் என்ற கணக்கு, தாய்மாமன் அல்லது அத்தை மகன் உறவு விட்டுப்போகக் கூடாது என்ற பிடிவாதம் எல்லாம் அப்போது ஒன்றுசேர்கின்றன. மணமான சில மாதங்களிலேயே "விசேஷம் உண்டா?" என்று அக்கம்பக்கம் கேட்கத் தொடங்கும். முதல் பிள்ளையைத் தள்ளிப்போடும் துணிவு பதினேழு வயது மருமகளுக்கு எங்கிருந்து வரும்? வீட்டார் பார்த்த மாப்பிள்ளைக்குப் பயந்து, காதலித்தவனோடு ஓடிப்போய்க் கருவுறும் சிறுமியரும் உண்டு.

பண உதவி மட்டும் இதை மாற்றிவிடாது. மணமாகாமல் படிப்பைத் தொடரும் பெண்ணுக்குப் பதினெட்டு வயதில் 25,000 ரூபாய் தரும் கன்யாஸ்ரீ திட்டத்தை மேற்கு வங்கம் 2013இல் தொடங்கியது. ஆயினும் அங்கே பதினெட்டுக்கு முன் மணமானோர் விகிதம் அடுத்தடுத்த இரண்டு ஆய்வுகளிலும் 41.6 விழுக்காடாகவே நின்றது.

சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் கருவுற்றிருப்பது தெரிந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மகனோ மருமகனோ சிறைக்குப் போய்விடுவான் என்று அஞ்சும் குடும்பங்கள் வயதைக் கூட்டிச் சொல்கின்றன, அல்லது பெண்ணை மருத்துவமனைக்கே அழைத்துவருவதில்லை. இரத்தசோகையும் இரத்தக் கொதிப்பும் கவனிக்கப்படாமல் போவது இப்படித்தான். சிறுமி கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கான தகவலில் அவளுடைய அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.