வாதுமையின் இடத்தில் முந்திரி

எலுமிச்சைப் பூரணம் வைத்த வாதுமை பிஸ்கட்டை விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வீட்டில் சுட முனைவோர்க்கு ஒரு தயக்கம் எழலாம். வாதுமை இம்மண்ணில் விளைவதில்லை. முந்திரியை இட்டால் பண்டம் போலியாகிவிடாதா? வரலாற்றில் இதற்கு விடையுண்டு.

ஐரோப்பிய மக்ரூன் வாதுமைப்பொடி, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றால் ஆனது. தூத்துக்குடி மக்ரூனில் வாதுமையின் இடத்தை முந்திரி பெற்றது. 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றும்வரை அந்நகர் போர்த்துக்கீசியர் வசம் இருந்தது. பண்டம் அவர்கள் வழி வந்ததென்பர். நாட்டுச் சரக்கென்று நாம் கருதும் முந்திரியும் அவர்கள் பிரேசிலிலிருந்து கொணர்ந்ததே. மேனாட்டுச் சுவையென்று நாம் எண்ணும் எலுமிச்சையோ ஆசியாவில் தோன்றி மேற்கே சென்றது.

1993 வரை ஒன்றாயிருந்த தென்னாற்காடு மாவட்டத்தில் இவ்விரு ஊர்களோடு, முந்திரிக்குப் பேர்பெற்ற பண்ருட்டியும் அடங்கியிருந்தது. வெண்கருவை நுரைக்க அடித்து, பண்ருட்டி முந்திரிப்பொடியும் சர்க்கரையும் கலந்து சுடலாம். எஞ்சிய மஞ்சட்கருவை எலுமிச்சைச்சாறு, சர்க்கரை, வெண்ணெயோடு இளஞ்சூட்டில் கிளறினால் பூரணம் கிட்டும். தூத்துக்குடி அடுமனையார் தம் ஊரில் செய்ததையே இங்கு நாமும் செய்கிறோம். அதைப் போலி என்பதற்கு நியாயமில்லை என்பதே நம் கருத்து.