சேத்தக் வராத செம்மண் சாலை

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டங்களில் ஒரு குடும்பம் வாங்கிய முதல் மோட்டார் பெரும்பாலும் ஹோண்டா கப்சாய்தான். அதே காலத்தில் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்றது பஜாஜ் ஸ்கூட்டர். அந்த பஜாஜ் நம் லயங்களுக்கு ஏன் வந்து சேரவில்லை?

காந்தியின் நெருங்கிய தோழர் ஜம்னாலால் பஜாஜின் குடும்பம் 1945இல் தொடங்கிய நிறுவனம் அது. 1948இல் இத்தாலிய வெஸ்பாவை இறக்குமதி செய்தது. 1959இல் உள்நாட்டிலேயே தயாரிக்க உரிமம் பெற்றது. 1971இல் பியாஜியோ ஒப்பந்தம் முடிந்தது. மறு ஆண்டே மன்னர் ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரோடு சேத்தக் ஸ்கூட்டர் வந்தது.

எத்தனை வண்டி செய்யலாம் என்பதை இந்திய அரசாங்கமே வரையறுத்த காலம் அது. முன்பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில், சிலர் பத்தாண்டு வரைகூடக் காத்திருந்தார்கள். கிடைத்த வண்டியை அப்படியே கூடுதல் விலைக்குக் கைமாற்றவும் முடிந்தது. கல்யாணச் சீரில் ஸ்கூட்டர் கேட்கும் கொடுமையும் நுழைந்தது.

காலையில் கிளம்புவதே ஒரு சடங்கு. வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, ஓங்கி ஓர் உதை. இடக்கைப் பிடியைத் திருகினால் கியர். முன்னால் நிற்கும் பிள்ளை, பின்னால் ஒருக்களித்து அமரும் மனைவி. 1989இல் வந்த ‘ஹமாரா பஜாஜ்’ விளம்பரம் ஊர் ஊராக வேரூன்றியதற்கு இந்தக் காட்சியும் ஒரு காரணம்.

ஜகார்த்தாவில் பஜாஜ் மூன்று சக்கர வண்டி தெருவெல்லாம் ஓடியது. இங்கோ ஜப்பான்காரன் முந்திக்கொண்டான். தோட்டத்துக்கும் அவன் வண்டியே பொருந்தியது. ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரம் மழைக்காலச் சேற்றுக் குழியில் சிக்கும். கப்சாயின் 17 அங்குலச் சக்கரம் ஏறி வந்துவிடும். கிளட்ச் பிடியும் கிடையாது. விடிவதற்குள் பால்மரக்காட்டுக்கும், பின்னாளில் செம்பனைக் காட்டுக்கும் போனவர்களுக்கு அதுதான் ஏற்ற வண்டி.

பழைய சேத்தக்கின் தயாரிப்பு 2000களில் நின்றது. 2001இல் பிறந்த பல்சர் மோட்டார் சைக்கிள் பஜாஜை இளைஞர்களின் நிறுவனமாக மாற்றியது. அந்தப் பல்சர்தான் 2017இல், கெடாவின் குரூனில் இயங்கும் மொடேனாஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி மலேசியச் சாலைக்கு வந்தது. அதற்குள் தோட்டமக்களில் பெரும்பாலோர் டவுனுக்குப் போய்விட்டார்கள். 2007இல் பத்தாங் பெர்ஜுந்தாயின் பெயரும் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது.

லயத்து வாசலில் மோட்டாரோடு எடுத்த பழைய படம் வைத்திருப்பவர்கள், அதன் பின்புறம் ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் இப்போதே எழுதி வையுங்கள்.