எடுக்காத படம்

எக்கியார்குப்பத்திலிருந்து நான் ஒரு படமும் கொண்டுவரவில்லை. காமிரா தோளில் இருந்தது, வெளிச்சமும் இருந்தது. வழியில், மரக்காணத்து உப்பளம் ஒன்றில், ஒரு அம்மாள் பாத்தியில் நின்று பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தார். காமிராவைத் தூக்கினேன். ‘வேணாம் தம்பி’ என்றார். இறக்கிவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் முதலில் தோன்றியது நஷ்டக் கணக்குத்தான். பாங்கு குமாஸ்தாவுக்கு வேறென்ன தோன்றும்? நஷ்டம் யாருக்கு என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

உப்பின் சரித்திரத்தில் மிகப் பிரசித்தமான படமே ஒரு தவறவிட்ட படத்தின் இடத்தில் நிற்பது. காந்தி குனிந்து உப்பள்ளும் படத்தைத் தண்டியில், 1930 ஏப்ரல் 6இல் எடுத்ததாகவே பலரும் நினைக்கிறோம். அது ஏப்ரல் 9 அன்று பீம்ராடில் எடுத்தது என்கிறார்கள், உப்பு யாத்திரையை ஆராய்ந்தவர்கள். இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். பீம்ராடிலும் உப்பு உப்புத்தான், சட்டம் சட்டந்தான். ஆனால் நம் நினைவு ஒரு படம் இல்லாமல் நிற்க மாட்டேனென்கிறது. கிடைத்ததை எடுத்து ஒட்டிக்கொள்கிறது.

அதே ஏப்ரல் 13இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை உண்டென்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டு மறைந்துகொண்டார்கள். ஏப்ரல் 30இல் உப்பள்ளிய ராஜாஜி கைதானார். கிளையில் பொட்டலம் கட்டும் ஒரு கையின் படத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. யாராவது எடுத்திருந்தால் அது முதலில் போலீசுக்குத்தான் பயன்பட்டிருக்கும். அந்தக் கை கண்ணில் படாதிருந்ததால்தான் தொண்டர்கள் சாப்பிட்டார்கள், நடந்தார்கள்.

இந்தக் குப்பத்துக்கும் காமிராக்கள் வந்ததுண்டு. 2023 மே மாதம், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு. அழும் பெண்களின் முகங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஊரின் பெயரே எனக்குத் தெரியும். அடுத்த கோடையில் நான் போனதும் அதனால்தான். இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. நான் யாரென்று உப்பளத்து அம்மாளுக்குத் தெரியாது. காமிரா இந்தப் பக்கம் எப்போது வரும் என்பது தெரிந்திருக்கலாம்.

அப்படியானால் எடுக்காமலிருப்பதே யோக்கியம் என்று முடித்துவிடலாமா? அது நமக்குச் சௌகரியமான முடிவு. பொட்டலம் கட்டியவர்களின் பெயர்கள் போய்விட்டன; ராஜாஜியின் பெயர் நிற்கிறது. பதிவில்லாதவர்களைச் சரித்திரம் ‘ஜனங்கள்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறது. நானும் மேலே அதைத்தான் செய்திருக்கிறேன்.

சிறுபாணாற்றுப்படை ஒரு வழிப்பயணத்தின் பாட்டு. அதன் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அடையாளம் காட்டுபவர்கள் உண்டு. பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இங்கிருந்து வடக்கே, எட்டும் தூரத்தில். கொற்கையைச் சொல்லுமிடத்தில், உப்பு வண்டிகளோடு வந்த மந்தி ஒன்று உமணர் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. உள்ளே முத்துப் போட்ட கிளிஞ்சல்தான் கிலுகிலுப்பை. உப்பு விற்றவர்களைப் பற்றி அவர் வைத்துக்கொண்டது அவர்கள் பிள்ளைகளின் விளையாட்டை. அதைப் பார்க்க அவர் அந்த வண்டிகளோரம் கொஞ்ச நேரமாவது நின்றிருக்க வேண்டும்.

காமிராவை இறக்கிய பிறகு நானும் நின்றிருக்கலாம். வரப்பில் உட்கார்ந்து, என்ன கூலி, எத்தனை பிள்ளைகள், மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கலாம். அதற்கு அவர் ‘வேணாம்’ சொல்லவில்லை. படம் கிடைக்காது என்றதும் எனக்கு அங்கே வேலையில்லை என்று தோன்றிவிட்டது. பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன்.