கல்லூரி வாயிலும் மதிப்பெண்ணும்

தில்லியில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு ஆனி மாதம் நெடுங்காலம் கவலை மாதமாகவே இருந்து வந்தது. கல்லூரிகள் தத்தம் ‘கட்‌-ஆஃப்’ பட்டியலை வெளியிடும் நாட்கள் அவை. கொளுத்தும் வெயிலில், வடக்கு வளாகக் கல்லூரியொன்றின் வாயிலில் ஒட்டியிருந்த தாளின்முன் நின்று, அரை மார்க்கில் இடம் தவறிய பிள்ளையை அழைத்துக்கொண்டு பஸ் ஏறித் திரும்பிய தந்தையருள் நாமும் ஒருவர். அவ்வாறு தவறியவர்க்கு நம் காலனியில் அனைவரும் கூறிய யோசனை ஒன்றே: மறு வருஷம் அதே பாடங்களை மீண்டும் எழுதி மார்க்கை உயர்த்திக் கொள்ளட்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் இதற்கென்றே ‘இம்ப்ரூவ்மெண்ட்’ பரீட்சை என்றோர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஓராண்டைச் செலவிட்டு இரண்டு மூன்று மதிப்பெண்களை ஈட்டுவது தகுமா என்பதை ஆராயப் புகுமுன், மதிப்பெண் கல்லூரி வாயிலில் காவல் நிற்கத் தொடங்கிய கதையைச் சற்றே காண்போம்.

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக் கழகங்கள் தோன்றின. அவற்றுள் புகுவதற்கு நுழைவுப் பரீட்சை ஒன்றை அவையே நடத்தின. சென்னையில் அது மெட்ரிகுலேஷன் எனப்பட்டது. பள்ளியில் ஒருவன் என்ன பயின்றான் என்பதைப் பள்ளி சொல்லவில்லை. பல்கலைக் கழகமே சொல்லிற்று. சென்னையின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார் என்பதும், அவருள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை பிற்காலத்தில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துத் தந்தார் என்பதும் நம்மவர் பெருமையுடன் நினைக்கும் செய்திகள்.

கல்கத்தாவில் நடந்தது இதனினும் சுவையானது. 1858இல் அங்கு நிகழ்ந்த முதல் பி.ஏ. பரீட்சைக்கு அமர்ந்தவர் பதின்மர். தேறியவர் ஒருவரும் இலர்! ஆயினும் இருவர் ஆறு பாடங்களுள் ஐந்தில் நன்கு தேறி, எஞ்சிய ஒன்றில் ஏழுக்கு மேற்படாத மதிப்பெண்களே குறைந்திருந்தனர். பல்கலைக் கழகத்தார் கூடி ஆலோசித்து, அக்குறையைக் கருணையால் நிரப்பி, இருவரையும் இரண்டாம் வகுப்பில் பட்டதாரிகளாக்கினர். அவ்விருவருள் ஒருவர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. கருணை மதிப்பெண் என்பதை இக்காலத்துச் சலுகையென இகழ்வோர், அது நம் பல்கலைக் கழகங்களின் முதற் பட்டத்தோடு உடன்பிறந்தது என்பதை அறிய வேண்டும்.

அக்கருணை எல்லோர்க்கும் கிட்டவில்லை. கும்பகோணத்துச் சீனிவாச ராமானுஜன் 1904இல் உபகாரச் சம்பளத்துடன் அவ்வூர் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணக்கைத் தவிர ஏனையவற்றில் மனம் செல்லாமையால் அச்சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். 1906, 1907ஆம் ஆண்டுகளில் எப்.ஏ. பரீட்சை எழுதி இரு முறையும் தவறினார். கணக்கில் எத்துணை மார்க்கு வாங்கினாலும், உடலியல் போன்ற பாடங்களில் குறைந்தால் முழுத் தோல்வியே என்பது அன்றைய விதி. 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது, எப்.ஏ. தேறாதவராகவே அவர் அப்பெருமையை அடைந்தார். மேதைகளை எடுத்துக்காட்டிச் சாதாரணப் பிள்ளைகளைத் தேற்றுதல் சரியன்று என்பார் உளர். அதனை நாமும் மறுக்கவில்லை. விதி யாரை அளந்தது, எதனை அளக்கத் தவறிற்று என்பதற்காகவே இதனைக் குறித்தோம்.

பின்னர் மெட்ரிகுலேஷன் போய் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. பாட்டனார் காலத்துப் பெட்டியைத் திறந்தால் அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை இன்றும் சில வீடுகளிற் காணலாம். படிப்பை முடித்தல் ஒன்று, கல்லூரிக்கு ‘எலிஜிபிள்’ ஆதல் மற்றொன்று. பெண் பார்க்கும் படலத்திற்கூட ‘பையன் எலிஜிபிளா?’ என்று கேட்ட காலம் உண்டாம்.

இனித் தில்லிக்கு வருவோம். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து பெயர்ந்தபின் சர்க்கார் உத்தியோகத்தின் பொருட்டுத் தென்னாட்டார் இங்கு வந்தனர். 1922இல் தில்லிப் பல்கலைக் கழகம் அமைந்தது. அதே பதிற்றாண்டில், பிள்ளைகளின் படிப்பைக் கருதி நம் முன்னோர் மதராஸி எஜுகேஷன் அசோசியேஷனைத் தொடங்கினர். அதுவே பிற்காலத்தில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகி ஏழு பள்ளிகளை நடத்தலாயிற்று.

1943இல் தில்லியில் இண்டர்மீடியட் வகுப்பை நீக்கி, ஓராண்டைப் பள்ளியிலும் ஓராண்டைக் கல்லூரியிலும் சேர்த்து, மூன்றாண்டுப் பட்டப் படிப்பை ஏற்படுத்தினர். சென்னையிலோ இண்டர்மீடியட் 1950களின் நடுப்பகுதி வரை நீடித்துப் பின்னர்ப் பி.யு.சி. ஆயிற்று. மாற்றல் உத்தரவு பெற்ற குமாஸ்தாவின் மகன் பதினோராம் வகுப்பை இங்கு முடித்தால் நேரே பட்டப் படிப்பு. அங்கு முடித்தால் இன்னும் ஓராண்டு. ஒரே பிள்ளை, ஒரே அறிவு. ரயிலில் இரண்டு இரவு பயணம் செய்வதற்குள் அவன் தகுதி மாறிவிடும்! 1970களின் பிற்பகுதியில் பன்னிரண்டாண்டுப் பள்ளிப் படிப்பு இரு இடங்களிலும் வந்தபின்னரே இந்த இடர் தீர்ந்தது. (தமிழ்நாட்டின் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது 1980இல்.)

அதன்பின் தில்லியில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே வாயிற்காவலன். மொழி ஒன்று, பிற பாடம் மூன்று என நான்கின் சராசரியைப் பார்ப்பார்கள். 2011இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் பயிலாதவர்க்கு நூற்றுக்கு நூறு என்று அறிவித்தபோது நாடே திகைத்தது. பத்தாண்டு கழித்து அத்திகைப்பும் பழகிவிட்டது. 2021இல் பெருநோய் காரணமாகப் பொதுத் தேர்வே நடைபெறவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை 30, 30, 40 என்ற விகிதத்தில் கூட்டி வாரியம் முடிவை வெளியிட்டது. 95 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் மட்டும் 70,000 பேருக்கு அதிகம். அவ்வாண்டு பல கல்லூரிகளின் முதற் பட்டியலில் 100 என்ற எண்ணே நின்றது.

ஈண்டு ஒன்றைக் கூறாமல் இருக்க இயலாது. வினாத்தாள் கடினமானால் எல்லோர்க்கும் மதிப்பெண் கூட்டும் ‘மாடரேஷன்’ முறையைக் கைவிட 2017இல் வாரியங்கள் முடிவு செய்தன; அவ்வாண்டுத் தேர்வெழுதிவிட்ட பிள்ளைகளுக்கு அதனைத் தொடருமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பங்கிமுக்கு ஏழு மார்க்கு அளித்த கை அன்றும் ஓயவில்லை என்பது தெளிவு. இங்ஙனம் நீட்டியும் சுருக்கியும் அமையும் அளவுகோலின் இறுதி அரை அங்குலத்திற்காகவே நம் பிள்ளைகள் ஓராண்டை ஈடுவைத்தனர்.

நம் அண்டை வீட்டுப் பெண் அத்தகையோருள் ஒருத்தி. 2021இல் அவளுக்கு 94 விழுக்காடு. விரும்பிய கல்லூரி எட்டவில்லை. ‘எழுதாத பரீட்சைக்கு இட்ட மார்க்கு, எழுதினால் கூடும்’ என்று தாய் தந்தையர் கருதினர், நாமும் ஆமோதித்தோம். அவ்வாறு கூறியதற்கு இன்று வருந்துகிறோம். அதிகாலை நான்கு மணிக்கு அவள் அறையில் விளக்கெரிவதை நாம் பால் வாங்கச் செல்கையில் காண்போம். 2022 மார்ச் மாதத்தில் மத்தியப் பல்கலைக் கழகங்கள் அனைத்திற்கும் பொது நுழைவுத் தேர்வு என்ற அறிவிப்பு வந்தது. பள்ளி மதிப்பெண் இனி இடம் தராது. இருவர் சமமாக நிற்கும்போது மட்டுமே துணைக்கு வரும். 1857இல் போலவே பல்கலைக் கழகமே அளக்கும் முறை வேறு உருவில் மீண்டும் வந்துவிட்டது.

அப்பெண் அக்கோடையில் இரண்டையும் எழுதினாள். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறினால் ஒன்று கழிவு என்ற புதுக் கணக்கைப் பழகிக்கொள்ள அவளுக்குக் கிடைத்தவை சில வாரங்களே. வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு வினாத்தாள் எழுதியவர்களை ஒப்பிட, பெற்ற மதிப்பெண்ணைச் சமன்செய்து தசமத்துடன் தந்தார்கள். அளவுகோல் மீண்டும் திருத்தப்பட்டதென்க. அவள் முதலில் விரும்பிய கல்லூரி அன்று, வேறொன்றில் இடம் பெற்றாள். பள்ளித் தேர்வில் 97ஆக உயர்ந்த மதிப்பெண் பட்டியல் பீரோவில் இருக்கிறது; சேர்க்கையின்போது அம்மூன்று மார்க்கினால் ஆன காரியம் ஒன்றுமில்லை.

அவளுடைய தம்பி இப்போது வளர்ந்துவிட்டான். பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் ஓராண்டில் இரு பொதுத் தேர்வுகள் என்றும், முதலாவதில் தேறியவர் மூன்று பாடங்கள் வரை இரண்டாவதில் உயர்த்திக்கொள்ளலாம் என்றும் வாரியம் 2025இல் அறிவித்தது. அதைக் கேட்ட அன்று மாலையே அவன் தாயார் நம் இல்லம் வந்தார். “மாமா, இவனையும் திரும்ப எழுதச் சொல்லலாமா?” என்று வினவினார். இரண்டில் எது மிகுதியோ அதுவே நிற்கும், ஆண்டு வீணாகாது, அவனுக்கு விருப்பமாயின் எழுதட்டும் என்றோம். அவனையே கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிச் சென்றார்.