அடுப்படியை விட்டுப் போகும் தீப்பெட்டி

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், சிவகாசி வட்டாரத்தில் எத்தனையோ பெண்களுக்குச் சோறு போட்டது.

இன்று மல்லாங்கிணறு வீடுகளிலும் அடுப்பைப் பற்றவைப்பது கேஸ் லைட்டர். பெயர்தான் அப்படி, உள்ளே கேஸ் கிடையாது. அழுத்தினால் சிறு சுத்தி ஒரு படிகத்தில் அடிக்க, மின்பொறி பறக்கிறது. மழைக்காலத்தில் குச்சி நமத்துப்போகும் அவதி இல்லை. இதைக் குறை சொல்ல முடியாது.

தொழிலாளர் வயிற்றில் அடித்தது பத்து ரூபாய் பிளாஸ்டிக் சிகரெட் லைட்டர். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்று 2022இல் முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்தவற்றின் இறக்குமதிக்குத் தடை வந்தது. உதிரிபாகங்களின் இறக்குமதிக்கு 2024 அக்டோபரில்தான் கட்டுப்பாடு வந்தது. அடுப்படி லைட்டரை இவை தொடவில்லை.